கொட்டை எண்ணெய் பட்ட இடம்

முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள் கையில் மரு வந்தால் டாக்டரிடம் போவதில்லை. மருந்து அவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே இருக்கிறது. வறுக்காத பச்சைக் கொட்டை ஒன்றை நறுக்கி, ஓட்டுக்குள்ளிருந்து கசிகிற எண்ணெயை ஈர்க்குச்சி நுனியில் தொட்டு, மருவின் தலையில் மட்டும் படும்படி வைக்க வேண்டும். சுற்றிலும் சுண்ணாம்பு தடவிக்கொள்ள வேண்டும். அன்று எரியும். மறுநாள் கறுக்கும். ஐந்தாம் நாள் உமி மாதிரி உதிர்ந்துவிடும். வடு நிற்கும். வடு இல்லாத கை எங்கள் பக்கத்து முந்திரிக் கொட்டகைகளில் கிடையாது என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

புஷ்பவள்ளிக்கு இந்த வைத்தியம் பதினாறு வயதிலிருந்து தெரியும். தன் கையில் மூன்று எடுத்திருக்கிறாள். மற்றவர்களுக்கு ஒரு இருபதாவது எடுத்திருப்பாள். அதனால்தான் அந்த மாசி மாதத்தில் குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டதை மரு என்று அவள் உடனே கண்டுகொண்டாள். கண்டுகொண்டதில் தப்பில்லை. வைத்தியத்தில்தான் தப்பு நடந்தது.

அவள் வீடு காடாம்புலியூர் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். செம்மண் பாதை. இரண்டு பக்கமும் முந்திரிக் கன்றுகள், நடுநடுவே பலா. எல்லாம் தானே புயலுக்குப் பிறகு வைத்தவை. பழைய மரங்கள் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தபோது அவள் புருஷன் சிங்காரம் குத்தகைக்கு எடுத்திருந்த பலாத்தோப்பும் போயிற்று. அவர் கோயம்பேடு மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போனார். மாதம் ஒரு தடவை வருவார். ஐந்து வருஷம் அப்படி ஓடியது. ஒரு வைகாசியில் ஊருக்கு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அதுவும் ஏழு வருஷம் ஆகப்போகிறது.

ஒரே மகள் தமிழ்ச்செல்வி சிதம்பரம் மேல வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். ஹாஸ்டலில் இருக்கிறாள். வாரத்தில் ஒரு நாள் லீவு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவாள். மற்ற நாட்களில் புஷ்பவள்ளி காலை எட்டு மணிக்குக் கொட்டகையில் இருப்பாள். கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, காலால் கட்டையை மிதித்துக் கொட்டையைப் பிளந்து, கம்பியால் பருப்பை நெம்பி எடுக்கிற வேலை. விளக்கெண்ணெய் தடவ மறந்தால் சாயங்காலம் விரல் தோல் உரியும்.

பக்கத்துக் கட்டை ரத்தினம்மாளுடையது. அறுபது வயது. வாய் ஓயாது, கையும் ஓயாது.

"யக்கா, கை கால்ல இல்லாம வேற எடத்துல மரு வந்தா எண்ணெ வெக்கலாமா?" என்று புஷ்பவள்ளி கேட்டாள். நிமிராமல் கேட்டாள்.

"வேற எடம்னா?"

"சும்மாதான் கேக்குறேன்."

"எங்க மாமியாருக்குக் கண்ணு எமையில வந்துது. வெச்சிக்கிட்டா கெழவி. எம வெந்துபோயி ஒரு மாசம் ஒத்தக் கண்ணாலதான் என்னத் திட்டிக்கிட்டிருந்தா. ரெண்டு கண்ணால திட்டுறதுக்கு அது தேவலாம்னு நானும் உட்டுட்டேன்."

எதிர்க்கட்டையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரத்தினம்மாள் சிரிக்கவில்லை.

"ஒனக்கு எங்கடி?"

"எனக்கில்ல. எங்க ஊட்டாண்ட ஒருத்திக்கு. கழுத்துல."

"கழுத்துல தாராளமா வெக்கலாம். வைத்தீஸ்வரன் கோயில் கொளத்துல வெல்லம் வாங்கிப் போட்டாலும் கரையும். ஆனா அதுக்கு பஸ்ஸு ஏறணும். எண்ணெ இங்கியே கீது."

புஷ்பவள்ளி ஒரு பச்சைக் கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு பொய் சொன்னதால் அவளுக்குக் கிடைத்தது கழுத்துக்கான வைத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்தினாள். முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் குந்தினாள். நாற்பத்துநாலு வயதில் முதல் தடவையாகத் தன்னை அங்கே பார்க்கிறாள். ஏழு வருஷமாக யாரும் பார்க்காத உடம்பு. அதற்கு முன்பும் விளக்கணைத்த பிறகுதான் அந்த உடம்புக்கு ஆள் உண்டு. மரு ஐந்தாறு இருந்தன. தோல் நிறம்தான். வலி இல்லை, லேசான நமைச்சல். இரண்டு மட்டும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கோழிக்கொண்டை மாதிரி நெளிந்திருந்தன. கை மரு காய்ந்திருக்கும், கரடாக இருக்கும். இது மெத்தென்று இருந்தது. அவள் அதை யோசிக்கவில்லை. ஈர்க்குச்சியை எடுத்துவிட்டாள்.

முதல் மூன்று சரியாகத்தான் வைத்தாள். நாலாவதில் ஈரத்தில் எண்ணெய் வழிந்துவிட்டது. கை மரு போல இல்லை, அங்கே வறண்ட இடம் என்று ஒன்று கிடையாது. அவள் கத்தவில்லை. அண்டாத் தண்ணீரில் போய் உட்கார்ந்தாள். பொழுது சாய்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது கால் விரல்கள் சுருங்கி வெளுத்திருந்தன.

திங்களும் செவ்வாயும் வேலைக்குப் போகவில்லை. புதன்கிழமை காலையில் மணவாளன் வந்தான். சிங்காரத்தின் தம்பி. பக்கத்துத் தெரு. கேஸ் சிலிண்டர் தூக்கிவைப்பது, வீட்டை ஒட்டிய முந்திரித் தோப்புக்குத் தண்ணீர் கட்டுவது எல்லாம் அவன்தான். அண்ணன் செத்ததிலிருந்து அவன் வாசற்படியைத் தாண்டியதில்லை. சிலிண்டரைக்கூட படிமேல் வைத்து உள்ளே உருட்டிவிடுவான்.

"அண்ணி, ரெண்டு நாளா கொட்டகைக்குப் போவலியாமே. என்னா ஒடம்புக்கு?"

"சூட்டுக் கொப்புளம் தம்பி. ஒண்ணுமில்ல."

"எங்க?"

அவள் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். "தொடையில."

"எழுந்து நில்லுங்க பாப்போம்."

அவள் எழுந்திருக்கவில்லை. மணவாளன் இளநீர் இரண்டை வெட்டி, ஓட்டையில் துண்டுத் தேங்காய் மட்டையைச் செருகி, படிமேல் வைத்துவிட்டுப் போனான். போகிற வழியிலேயே தமிழ்ச்செல்விக்குப் போன் செய்தான்.

அவள் வடலூர் வழியாக வந்து மூன்று மணிக்கு இறங்கினாள். முகம் கூடக் கழுவாமல் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காட்டு."

"என்னாத்தக் காட்டுறது. கொப்புளம்."

"தொடைதான? காட்டும்மா. நான் ஒனக்குப் பொறந்தவதான."

புஷ்பவள்ளி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சேலையை விலக்கினாள். மகள் பார்த்தாள்.

"கொட்டை எண்ணெயா?"

"கைக்கு வெக்கிறதில்லயா."

"கையும் இதுவும் ஒண்ணாம்மா?"

"மருன்னா எல்லாம் மருதான்."

தமிழ்ச்செல்வி தேங்காய் எண்ணெயை எடுத்துப் பஞ்சால் தடவினாள். கை பதமாக இருந்தது. அதன் பிறகு வாசலில் போய் உட்கார்ந்து செல்போனில் எதையோ தேடித் தேடிப் படித்தாள். உள்ளே வந்தபோது அந்தக் கை பழைய கையாக இல்லை. தாய்க்குச் சோறு போட்டு வைத்தாள். பக்கத்தில் உட்காரவில்லை.

"நாளைக்கு கடலூர் போறோம். பெரியாஸ்பத்திரி."

"பண்ருட்டியிலியே பாத்துக்கலாம்."

"பண்ருட்டியில எல்லாரும் தெரிஞ்சவங்க. கடலூரே போவலாம்."

மறுநாள் பண்ருட்டிக்கு வந்து கடலூர் பஸ் ஏறினார்கள். கரும்பு வெட்டு நடக்கிற காலம். நெல்லிக்குப்பம் நெருங்க நெருங்க டிராக்டர்கள் வரிசையாக ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு குழிக்கும் புஷ்பவள்ளி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொண்டாள். தமிழ்ச்செல்வி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மணவாளன் சித்தப்பாவுக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கு. எனக்கு நீ போன் பண்ணல."

"அவன் தெனம் இந்தப் பக்கமாப் போறவன். வேலைக்குப் போவலன்னு கேட்டான்."

"தெனம் வராரா?"

"தோப்புக்குத் தண்ணி கட்ட வரான்."

"ம்" என்றாள் மகள். புஷ்பவள்ளிக்கு அந்த ம் புரியவில்லை. நெல்லிக்குப்பம் தாண்டிய பிறகும் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் மெதுவாகச் சொன்னதும் ஒரு அறைக்கு அனுப்பினார்கள். வாசலில் 'சுகவாழ்வு மையம்' என்று எழுதியிருந்தது. படித்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காத பெயர். விளங்கக்கூடாது என்றுதான் வைத்திருப்பார்கள்.

டாக்டரம்மா திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. அதைத்தான் புஷ்பவள்ளி கவனித்துக்கொண்டிருந்தாள்.

"முந்திரி பக்கமா?"

"ஆமாங்க. எப்டித் தெரியும்?"

"புண்ணு சொல்லுது. மருவ எரிக்கணும்னு நீங்க நெனச்சது சரிதான். நாங்களும் மருந்து வெச்சி அதத்தான் பண்றோம். ஆனா நல்ல தோல்ல படாம, அளவா. கொட்டை எண்ணெக்கு அளவு தெரியாதும்மா."

பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் நிதானமாகச் சொன்னார். முதலில் வெந்த புண் ஆற வேண்டும், அதற்குக் களிம்பு. ஆறிய பின் வாரம் ஒரு நாள் வர வேண்டும். சுற்றிலும் வாசலின் தடவி மருவில் மட்டும் மருந்து வைப்பார். வைத்து நான்கு மணி நேரத்துக்குள் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும், மறந்தால் மறுபடியும் வெந்துபோகும். நாலைந்து வாரம் ஆகலாம். போனபின் திரும்பவும் வரலாம், வந்தால் பயப்படாமல் வர வேண்டும். ரத்தம் எடுத்தார்கள். கர்ப்பப்பை வாயையும் சோதித்தார்கள். அங்கே ஒன்றுமில்லை. ரத்தத்தில் மற்ற நோய் எதுவும் இல்லை. சர்க்கரை மட்டும் இருநூற்றெண்பது. அது அவளுக்கே தெரியாது.

அடுத்து ஆலோசகரிடம் அனுப்பினார்கள். லலிதாம்பிகை என்று மேஜைமேல் பெயர் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். சிதம்பரத்திலிருந்து தினம் பாசஞ்சர் ரயிலில் வருகிறவர் என்று பேச்சில் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது கிருமியால வர்ற மரு. கை மருவு வேற, இது வேற. ஆணும் பொண்ணும் சேர்றப்போ தோலோட தோல் பட்டுத் தொத்துறது. தட்டு, டம்ளர், கக்கூஸு, அதுல எல்லாம் வராது. அதனால கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுக்காரர்?"

"அவரு போயி ஏழு வருசம்."

"அதுக்கப்புறம் யாராவது?"

புஷ்பவள்ளி நாற்காலியை விட்டு எழுந்தாள். புண் உரசியதில் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, என்னப் பாத்து அப்டிக் கேக்குறீங்க?"

"எல்லாரையும் கேப்பேன். கலெக்டர் வந்தாலும் கேப்பேன். இல்லன்னு சொன்னா இல்லன்னு எழுதிப்பேன். அவ்வளவுதான்."

"இல்ல."

லலிதாம்பிகை எழுதிக்கொண்டார். மறு கேள்வி கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லை ஒருவர் அப்படியே வாங்கிக்கொண்டது புஷ்பவள்ளிக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அப்போ எனக்கு எப்டிங்க வந்துது?"

"இந்தக் கிருமி உடம்புக்குள்ள சத்தமில்லாம கெடக்கும். நெறைய பேருக்கு சில மாசத்துல தெரியும். சில பேருக்கு வருஷக்கணக்கா வெளியில வராது. ஏழு வருஷம்கறது அபூர்வம். ஆனா உண்டு. உடம்பு பலவீனமானா எழுந்துக்கும். உங்களுக்கு சுகர் ஜாஸ்தியா இருக்கே, அது இடம் குடுத்திருக்கும். எப்போ வந்தது, யார்கிட்டேந்து வந்ததுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது."

"டெஸ்ட்டு சொல்ல வேணாங்க" என்றாள் புஷ்பவள்ளி. "எனக்கு ஒருத்தருதான்."

கோயம்பேட்டிலிருந்து மாதம் ஒரு தடவை வந்தவர் நினைவுக்கு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கிணற்றடிக்குத்தான் போவார், இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பார். மூட்டை தூக்கிய அழுக்கு என்று நினைத்துக்கொண்டு அவள் தண்ணீர் இறைத்து ஊற்றியிருக்கிறாள்.

"வெளியில உங்க பொண்ணு உக்காந்திருக்கா. நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்லிக்கிறேன்."

ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு புங்கமரத்தடி பெஞ்சில் மகள் இருந்தாள். காகிதத்தில் பொதிந்த இரண்டு போண்டா பக்கத்தில் இருந்தது. அவளும் தின்னவில்லை.

"சித்தப்பாவா?" என்றாள். தாய் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

புஷ்பவள்ளிக்கு இப்போதுதான் பஸ்ஸில் கேட்ட அந்த ம் விளங்கியது.

"ஒங்க சித்தப்பன் வாசப்படிக்கு இந்தப் பக்கம் கால வெச்சி நீ பாத்திருக்கியா?"

"நான் அங்க இல்லயே. பதினாலு நாளைக்கு ஒரு நாளு வர்றவ நான். எனக்கு என்னா தெரியும்."

"அவன் பொண்டாட்டி காதுல உழுந்தா அந்தக் குடும்பம் என்னா ஆவும்னு யோசிச்சிப் பேசு."

"அதான் ஒனக்குக் கவலையா? அவங்க குடும்பமா? அப்ப வேற யாரு, சொல்லு. நான் சண்ட போடல. சும்மா சொல்லு."

"ஒங்கப்பா."

தமிழ்ச்செல்வி சிரித்தாள். சந்தோஷமில்லாத சிரிப்பு.

"அப்பா செத்து ஏழு வருசம்மா."

"அது உள்ளயே தூங்குமாம். அந்தம்மா சொன்னாங்க."

"செத்தவரு எழுந்து வந்து இல்லன்னு சொல்லமாட்டாருன்னு அவரு மேல போடுற. மூட்டை தூக்கித் தூக்கி தோளு காச்சுப்போச்சி அவருக்கு. என்னைப் படிக்க வெக்கத்தான் போனாரு. எனக்குத் தெரியும் அவர."

"எனக்கும்தான் தெரியும்னு நெனச்சேன்."

"பேசாதம்மா."

புஷ்பவள்ளி போண்டாப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உள்ள போ. பச்சக் கலரு கதவு. நானு அனுப்புனேன்னு சொல்லு. என்னைப் பத்தி என்னா வேணும்னாலும் கேளு. நான் இங்கியே இருக்கேன்."

மகள் போனாள். கால் மணி நேரம் ஆயிற்று. மருந்துக் கவுண்டரில் வரிசை கலைந்து மறுபடி சேர்ந்தது. ஒரு நாய் வந்து போண்டா வாசனைக்கு நின்றது, புஷ்பவள்ளி ஒன்றைப் போட்டாள். மகள் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. பெஞ்சின் இன்னொரு ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

"நடக்கக்கூடியதுதான்னு சொல்றாங்க" என்றாள்.

"ம்."

"நீ சித்தப்பான்னே சொல்லியிருக்கலாம்மா."

புஷ்பவள்ளி திரும்பிப் பார்த்தாள்.

"நீ தப்பு பண்ணியிருந்தா ஒங்கிட்ட சண்ட போட்டிருப்பேன். ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். அப்பறம் பேசியிருப்பேன். அப்பாகிட்ட நான் எப்டிப் போயி சண்ட போடுறது? அவரு போட்டாவாத்தான இருக்காரு."

பண்ணாத தப்பைப் பண்ணினேன் என்று சொல்லியிருந்தால் மகள் ஒரு மாதத்தில் திரும்பி வந்திருப்பாள். இப்போதும்கூட சொல்லலாம். நாக்கு வரைக்கும் வந்தது.

"அது மட்டும் என்னால ஆவாது" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் தமிழ்ச்செல்வி அவளைப் பண்ருட்டி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தாள். களிம்பு எப்போது தடவ வேண்டும், சர்க்கரை மாத்திரை எப்போது என்று சொன்னாள். பிறகு சிதம்பரம் பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்த்தாளா என்று புஷ்பவள்ளிக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு பஸ் வந்து நின்றுவிட்டது.

இரண்டு வாரத்தில் புண் ஆறியது. அதன் பிறகு வியாழக்கிழமைகளில் தனியாகப் போனாள். கொட்டகையில் சுகர் மாத்திரைக்கு என்று சொன்னாள். பொய்யும் இல்லை. மருந்து வைக்க பதினோரு மணி ஆகும். மூன்று மணிக்குள் கழுவ வேண்டும். கடலூரிலிருந்து பண்ருட்டி ஒரு மணி நேரம், அங்கிருந்து காடாம்புலியூர், அப்புறம் நடை. சரியாக வந்துவிடும்.

மூன்றாவது வாரம் நெல்லிக்குப்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கரும்பு டிராக்டர் குடைசாய்ந்து ரோடு அடைபட்டுவிட்டது. கண்டக்டர் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆறப்போட்டு உக்காருங்க, கிரேன் வரணுமாம்" என்றார். காத்திருந்து காத்திருந்து மணி இரண்டே முக்கால் ஆயிற்று. அங்கே லேசாக எரிய ஆரம்பித்தது, அல்லது எரிகிற மாதிரி அவளுக்குத் தோன்றியது. பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டோரம் முதலில் தெரிந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். ஒரு பெண் துணி காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, கொஞ்சம் பாத்ரூமு போவணும். தண்ணியும் சோப்பும் வேணும்."

அந்தப் பெண் மேலும் கீழும் பார்த்தாள். "வவுத்தாலயா?"

"இல்ல. மருந்து கழுவணும். டாக்டரு டைமு சொல்லிக்கிறாங்க."

"என்னா மருந்து?"

"மரு எடுக்கிற மருந்து."

"எங்க மரு?"

புஷ்பவள்ளிக்கு எதனாலோ பொய் சொல்லத் தோன்றவில்லை. "அடியில" என்றாள்.

அந்தப் பெண் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, உள்ளே போய் புதுச் சோப்பு ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "பின்னால போங்க. தாப்பா சரியில்ல, நான் வெளிய நிக்கிறேன்" என்றாள். நின்றாள். கழுவிவிட்டு வந்தபோது மோர் கொடுத்தாள். பெயர் கேட்கவில்லை. இவளும் கேட்கவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வெளியே புஷ்பவள்ளி உண்மையாகப் பேசிய ஒரே வார்த்தை அது. பேசியது முகம் தெரியாத ஒருத்தியிடம்.

ஒரு நாள் காலையில் மணவாளன் படியில் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தான்.

"தமிழு என் போன எடுக்க மாட்டேங்குறா அண்ணி. நாலு தடவ போட்டுட்டேன். நான் என்னா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல தம்பி."

"அப்ப ஏன்?"

"அவளுக்கு வேல ஜாஸ்தி."

"வேல ஜாஸ்தின்னா எடுத்து 'சித்தப்பா வேலயா இருக்கேன்'னு சொல்லுவா. சின்னதுலேந்து அப்டித்தான்." அவன் படியிலிருந்து இறங்கினான். "அண்ணன் இருந்திருந்தா கேட்டிருப்பாரு."

புஷ்பவள்ளி கதவில் சாய்ந்துகொண்டு அவனையே பார்த்தாள். அண்ணன் மாதிரியே நெற்றி. சொன்னால் இவனும் தாங்கமாட்டான். ஊரிலேயே அவளுக்காகக் கவலைப்படுகிற ஒருவனிடமும் ஒன்றும் சொல்ல முடியாது. "வெயிலு ஏறுது. போயி தண்ணியக் கட்டு" என்றாள்.

மகள் ஊருக்கு வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் போன் மட்டும் செய்தாள். மாத்திரை போட்டியா, சாப்பிட்டியா, இரண்டு கேள்விதான். ஆறாவது வியாழக்கிழமை டாக்டரம்மா விளக்கைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, "போயிடுச்சும்மா. மூணு மாசம் கழிச்சி ஒரு தடவ காட்டுங்க" என்றார். புஷ்பவள்ளி வெளியே வந்து புங்கமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள். இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தாள். யாரும் இல்லை. எழுந்து பஸ்ஸுக்கு நடந்தாள்.

வைகாசி வந்தது. பலா பழுத்து வெடித்து ஊரே மணத்தது. ரோட்டில் லாரிகள். சிங்காரத்தின் வருஷ நாள் ஒரு செவ்வாய்க்கிழமையில் விழுந்தது. ஒவ்வொரு வருஷமும் தமிழ்ச்செல்வி முதல் நாளே வந்து, போட்டோவைத் துடைத்து, கதம்பம் போடுவாள். இந்த வருஷம் வரவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

புஷ்பவள்ளி தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்பு மூட்டினாள். சிங்காரத்துக்குப் பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் போட்ட காரக்குழம்பு பிடிக்கும். கொட்டைகளை அம்மிக்கல்லில் தட்டித் தோலெடுத்து வேகவைத்தாள். புளி கரைத்தாள். மிளகாய்த்தூள், மல்லித்தூள். கொதி வந்தபோது கை உப்பு ஜாடிக்குப் போயிற்று. மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் பிடித்திருந்து, திரும்ப மூடினாள். உப்பில்லாமலே குழம்பை இறக்கினாள்.

போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, சோறு வைத்து, குழம்பை ஊற்றினாள். கற்பூரம் காட்டினாள். ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்தில் அழுவாள். இந்த வருஷம் அழவில்லை.

"தின்னு" என்றாள் போட்டோவைப் பார்த்து. மெதுவாகத்தான் சொன்னாள்.

ஒரு மணி சுமாருக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தமிழ்ச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் செம்மண். கையில் பூ இல்லை.

"லீவு குடுக்க நேரமாயிடுச்சி" என்றாள். அப்புறம், "போயிடுச்சா?" என்றாள்.

"போயி பன்னெண்டு நாளு ஆவுது."

"சொல்லலியே."

"நீ மாத்திரையப் பத்தித்தான கேட்ட."

தமிழ்ச்செல்வி கால் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். போட்டோவுக்கு முன் நின்றாள். எப்போதும் விழுந்து கும்பிடுகிறவள், நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் படையல் இலையின் முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். படைத்த இலையில் பிள்ளைதான் சாப்பிட வேண்டும். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மெல்லுவது நின்றது.

"உப்பு போடலியா?"

"போடல."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

உப்பு ஜாடி கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. தமிழ்ச்செல்வி அதைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். தாய் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். மகள் ஜாடியை எடுக்கவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். சோற்றில் குழி பறித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றாள்.